சத்தியம் செய்யாத சட்டத்தரணியும் ஒரு இலவச இணையத்தளமும்

நான் சட்டத்தரணி இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக இருக்கிறவன். தவணைத் திகதிகளைக் கொப்பியில் எழுதுவது, கட்சிக்காரருக்குப் போன் எடுத்து நாளைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று மூன்று தரம் சொல்வது, கோவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு சேருக்குப் பின்னால் நடப்பது, இவைதான் என் தொழில். ஆகவே இதைப் படித்த மனிதன் எழுதிய விமர்சனமாக எடுக்கவேண்டாம். இரண்டு மாதமாக ஒரு இணையத்தளத்தைப் பாவித்தேன், பாவித்த கதையைச் சொல்கிறேன்.

தொடக்கிவைத்தது அக்காவின் மகள். தரம் 11, வரலாற்றில் அமெரிக்கச் சுதந்திரப் போர் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியூசன் முடிந்து வந்தவள், "மாமா, ஜோன் அடம்ஸ் என்றவர் சனத்தைச் சுட்ட வெள்ளைக்கார ஆமிக்காகக் கோட்டில் பேசினவராம், பிறகு அதே சனம் அவரை ஜனாதிபதி ஆக்கினதாம், அது எப்படி? காசுக்காகவா பேசினவர்?" என்று கேட்டாள். கோட்டிலே வேலை செய்கிற மாமாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். எனக்குத் தெரியவில்லை. சும்மா எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் அவள் போனில் தேடிப் பிடித்துவிடுவாள் என்ற பயத்தில் நானே முந்தித் தேடினேன். அப்படித்தான் 'பவுண்டர்ஸ் ஒன்லைன்' கிடைத்தது.

இது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துகிற தளம், 2013இல் தொடங்கினது. அந்த நாட்டை உருவாக்கிய ஏழு பேரின் (வாஷிங்டன், பிராங்கிளின், அடம்ஸ், ஹமில்டன், ஜே, ஜெபர்சன், மடிசன்) கடிதங்கள், நாட்குறிப்புகள், அவர்களுக்கு மற்றவர்கள் எழுதியவை என்று ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள். காசு இல்லை. பதிவு செய், இமெயில் தா, ஓடீபி அனுப்புகிறோம் என்ற தொல்லையும் இல்லை. எழுதினவர், பெற்றவர், திகதி என்று பிரித்துத் தேடலாம். எல்லாம் வெறும் எழுத்து, படம் கிடம் இல்லாதபடியால் டேட்டா அவ்வளவாகக் குடிக்காது. எங்கள் பக்கத்துச் சிக்னலுக்கு இது பெரிய விஷயம். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் பேருந்தில் இருந்தபடி 1770ஆம் ஆண்டின் பொஸ்டன் வழக்கை வாசித்திருக்கிறேன், வீடியோ என்றால் வட்டம் சுற்றிக்கொண்டே கிடந்திருக்கும்.

அடம்ஸின் வழக்குக் குறிப்புகள் தனியாகக் கிடக்கின்றன. கிளாக் கண்ணுக்கு அது விருந்து. 1770 மார்ச் 5 இரவு பொஸ்டனில் கூட்டத்தின்மேல் பிரித்தானியப் படையினர் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். கப்டன் பிரெஸ்டனுக்கும் எட்டுப் படையினருக்கும் எதிராகக் கொலை வழக்கு. ஊர் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும்போது அடம்ஸ் வழக்கை எடுக்கிறார், கைக்காசு ஒரு கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயத் தங்கக் காசு). கப்டன் விடுதலை. எட்டுப் பேரில் ஆறு பேர் விடுதலை, இரண்டு பேருக்குக் கொலை இல்லை, கைமோசக் கொலை என்று தீர்ப்பு, பெருவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். மூன்று வருடம் கழித்து அதே மார்ச் 5இல் அடம்ஸ் தன் நாட்குறிப்பில், அந்த வழக்குப் பேசினதுதான் தன் நாட்டுக்குத் தான் செய்த மிக நல்ல சேவைகளில் ஒன்று என்று எழுதுகிறார். அப்படியென்றால் மருமகளின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. காசுக்காக இல்லை, ஒரு கினிக்கு ஊர்ப்பகையை வாங்க யாருக்கு விசர்?

ஆனால் என்னைப் பிடித்து இருத்தினது அடம்ஸ் இல்லை. எதிர்ப்பக்கம் யார் நின்றார்கள் என்று பாருங்கள். படையினரைத் தூக்கில் போடு என்று அரசுத் தரப்பில் வாதாடினவர்களில் ஒருவர் சாமுவேல் குவின்சி. பின்னாளில் அவர் அரசன் பக்கம் போய் நாட்டை விட்டே போனவர். படையினருக்காக அடம்ஸோடு சேர்ந்து நின்றவர் ஜோசையா குவின்சி, கிளர்ச்சிக்காரரின் ஆள். இரண்டு பேரும் கூடப்பிறந்த சகோதரர்கள்! அரசனின் ஆள் அரசனின் படைக்கு எதிராக, கிளர்ச்சிக்காரன் அரசனின் படைக்காக. குற்றப்பத்திரம் போட்ட சட்டமா அதிபர் ஜொனதன் சீவல் அடம்ஸின் உயிர் நண்பன், வழக்கு நேரம் மெதுவாக ஊரை விட்டு ஒதுங்கிக்கொண்டார். 1774இல் அந்த நண்பர்கள் இருவரும் பிரிந்தார்கள். பாடப்புத்தகம் ஒரு பக்கம் அரசன், மறுபக்கம் மக்கள் என்று கோடு போட்டுத் தருகிறது. இந்தத் தளத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தால் அந்தக் கோடு ஒவ்வொரு வீட்டுக் குசினிக்குள்ளாலும் போயிருப்பது தெரியும்.

இங்கே வளர்ந்தவனுக்கு இது புதினமும் இல்லை. போர்க்காலத்தில் என் அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், வேலை செய்தவர். சம்பளம் கொழும்பிலிருந்து வரும், வீட்டு வாசலில் வந்து விசாரிக்கிற பொலிஸ் இயக்கத்தின் (புலிகளின்) பொலிஸ். வவுனியாவுக்குக் கூட்டத்துக்குப் போகப் பாஸ் ஒரு பக்கம், அடையாள அட்டை மறுபக்கம். ஆசிரியர், டொக்டர், விதானையார் எல்லாருக்கும் அதே கதைதான். அவர்களை யாரின் ஆள் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? அப்பா சொல்லுவார், "இரண்டு பக்கமும் தலையாட்டினால் கழுத்துச் சுளுக்கும், ஆட்டாவிட்டால் கழுத்தே இராது" என்று. சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார்.

சரி, தளத்துக்கு வருவோம். இதில் எனக்கு மிகப் பிடித்த வசதி அடிக்குறிப்புகள். ஒரு கடிதத்தில் ஒரு பெயர் வந்தால் கீழே யார், எவர், இந்தக் கடிதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று பதிப்பாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிலிருந்து இன்னொரு கடிதத்துக்குப் போகலாம். அப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஒரு இரவு அந்த ஏழு பேரில் ஒருவரான ஜோன் ஜேயின் கடிதங்களுக்குள் போய் விழுந்தேன். அங்கே இருந்தார் பீட்டர் வான் ஸ்காக்.

இவரைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி வராது. நியூயோர்க் குடியேற்றத்தில் கிண்டர்ஹூக் என்ற ஊர்க்காரர், டச்சுக் குடும்பம். ஜேயும் இவரும் ஒரே கல்லூரி, ஒரே தொழில், நண்பர்கள். நல்ல கெட்டிக்காரச் சட்டத்தரணி, நியூயோர்க்கின் 1691 முதல் 1773 வரையான சட்டங்களைத் தொகுக்கும் வேலையை அரசாங்கம் இவரிடம்தான் கொடுத்தது. அந்த வேலையில் கண் கெட்டுப்போனது, ஒரு கண் பார்வை இல்லை, மற்றதும் மங்கல். 1774இல் பிரிட்டனுக்கு எதிராக நியூயோர்க்கில் அமைத்த குழுவில் ஜேயும் இருந்தார், இவரும் இருந்தார். அதாவது ஆள் அரசனின் வால் இல்லை, வரிச் சட்டங்கள் பிழை என்று சொன்னவர்.

பிறகு துவக்கு வெடிக்கிறது. இவர் ஊருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிக்கிறார்! 1776 ஜனவரியில் அரசையும் சட்டத்தையும் பற்றி எழுதிய லொக், குரோஷியஸ், வட்டெல் என்று எல்லாவற்றையும் விரித்துவைத்து, ஒரு அரசை எப்போது உதறலாம் என்று தனக்குத் தானே வழக்காடுகிறார். முடிவு என்னவென்றால், பாராளுமன்றம் செய்தவற்றில் பல பிழை, ஆனால் அவை நம்மை அடிமையாக்கப் போட்ட திட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, மனிதர் விடுகிற பிழையாகவும் இருக்கலாம், இந்தச் சந்தேகத்தோடு நான் துவக்குத் தூக்க மாட்டேன். அரசன் பக்கமும் தூக்க மாட்டேன். எனக்கு இதை வாசித்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. ஊர் எரியும்போது சாட்சிப்புத்தகம் புரட்டுகிற ஆள். பிறகு யோசித்தேன், சேரும் இப்படித்தான், கட்சிக்காரர் அழுதுகொண்டிருந்தாலும் "காணி உறுதியைக் காட்டுங்கோ" என்பார். தொழில் ஆளை அப்படி ஆக்கிவிடும்.

புதிய அரசு விடுமா? சத்தியம் செய் என்றது. நியூயோர்க் சுதந்திர அரசு என்று ஏற்றுச் சத்தியம். மறுத்தார். பொஸ்டன் பக்கம் அனுப்பினார்கள், பிறகு ஊரை விட்டு அசையேன், எதிராக எதுவும் செய்யேன் என்ற வாக்கில் வீட்டுக்கு விட்டார்கள். 1777 ஜனவரியில் அவர் அனுப்பிய கடிதத்தின் வாதம் கூர்மையானது. பழைய அரசு கலைந்துவிட்டது என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், கலைந்தபின் ஒவ்வொரு மனிதனும் எந்த அரசில் சேர்வது என்று தானே தீர்மானிக்கவேண்டும், உங்கள் உரிமை எங்கிருந்து வந்ததோ என் உரிமையும் அங்கிருந்துதான் வந்தது. கிளர்ச்சிக்காரரின் சொந்தத் தத்துவத்தை எடுத்து அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறார். கோட்டில் என்றால் நீதவான் ஒரு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

அடுத்து வருவதைத்தான் நான் இரண்டு நாள் வாசிக்காமல் வைத்திருந்தேன். 1778இல் அவர் மனைவி எலிசபெத் சாகக் கிடக்கிறார். நியூயோர்க் நகரத்துக்குப் போனால் கொஞ்சம் தேறலாம் என்று நினைக்கிறார். நகரம் பிரித்தானியர் கையில், கிண்டர்ஹூக் கிளர்ச்சிக்காரர் கையில். நடுவில் கோடு. கோட்டைத் தாண்ட அனுமதி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எலிசபெத் இறந்துவிட்டார். அனுமதி கேட்டது பழைய சகாக்களிடம், ஒரே குழுவில் இருந்தவர்களிடம், ஒரே நீதிமன்றத்தில் பேசினவர்களிடம்.

போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு நோயாளியைக் கொண்டுபோக யார் யாரிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. என் பெரியம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன நாளில் அப்பாவின் சட்டைப்பையில் மூன்று துண்டுகள் இருந்தன. மூன்றையும் அவர் வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தோம், அதுதான் வித்தியாசம்.

மனைவி போன அதே வருடம் ஜூனில் நியூயோர்க் ஒரு சட்டம் போட்டது. தலைப்பிலேயே இரண்டுங்கெட்டான்கள், சந்தேகத்துக்குரியவர்கள் என்ற பொருளில் சொல் இருக்கிறது. சத்தியம் செய், இல்லையென்றால் நாடு கடத்தல். வான் ஸ்காக் கப்பலேறி லண்டன் போனார், கண் வைத்தியமும் பார்க்கலாம் என்று. ஏழு வருடம் அங்கே. ருசியான விஷயம் இதுதான், அரசனின் தலைநகரத்தில் நீதிமன்றங்களையும் பாராளுமன்றத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் அவருக்கு அரசன் பக்கம் முற்றாக விட்டுப்போனது. பிழை தற்செயல் இல்லை, அது இவர்களின் வழமை என்று கண்டுகொண்டார். ஊரில் இருந்து படித்த புத்தகங்கள் காட்டாததை லண்டன் காட்டினது.

இப்போது அந்தக் கடிதம். 1782 செப்டம்பர் 17, பாரிஸிலிருந்து ஜே எழுதுகிறார். அவர் அப்போது சமாதானப் பேச்சுக்கு வந்த அமெரிக்கத் தூதர். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: சுதந்திர அமெரிக்கனாக, எங்களோடு இல்லாத எல்லாரையும், உன்னையும் சேர்த்து, எங்களுக்கு எதிரானவர்கள் என்றே எண்ணினேன், ஆனால் ஜோன் ஜே பீட்டர் வான் ஸ்காக்கின் நண்பனாக இருப்பதை நிறுத்தவில்லை. கவனியுங்கள், மன்னிப்புக் கேட்கவில்லை. நான் செய்தது சரி என்கிறார். முதல் பாதியில் 'நான்' ஒரு நாட்டின் ஆள், இரண்டாம் பாதியில் தன்னையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், இரண்டு பேர் வேறு வேறு ஆட்கள் போல. வான் ஸ்காக் ஜேக்கு எழுதினதும் குறைந்ததில்லை. நான் குற்றவாளிக் கூண்டிலும் நீ நீதிபதி ஆசனத்திலும் இருந்தால், என் வழக்கின் நியாயத்தைக் கொண்டு மட்டும்தான் நான் எழுவேன் அல்லது விழுவேன் என்பது எனக்குத் தெரியும் என்கிறார். ஒரு சட்டத்தரணி இன்னொரு சட்டத்தரணிக்கு இதைவிட என்ன சொல்ல?

1785இல் அவர் கப்பல் நியூயோர்க் துறைமுகத்துக்கு வந்தபோது ஜே கப்பலுக்கே ஏறிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் தொழில் செய்யும் உரிமையும் திரும்பக் கிடைத்தது.

எங்கள் ஊரில் பொன்னம்பலம் இராமநாதனையும் இப்படிப் பக்கம் பக்கமாக வாசிக்கக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை வந்தது. 1892 முதல் 1906 வரை வெள்ளைக்கார அரசின் சொலிசிற்றர் ஜெனரல், 1915இல் அதே அரசு இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தபோது சட்டசபையில் எழுந்து அதைக் கிழித்தவர். அந்த ஒன்பது வருடத்துக்குள் அவருக்குள்ளே என்ன ஓடியது? அதை விடுங்கள், அது வேறு வேலை.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான், ஆனால் பெரிசு. பெயரிலேயே இருக்கிறது. இது வென்றவர்களின் பெட்டகம். வான் ஸ்காக் இங்கே கிடைப்பது அவர் ஜேக்கு எழுதினதாலும் ஜே அவருக்கு எழுதினதாலும்தான். ஜே அவருக்கு நண்பனாக இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தளத்தில் அவர் இல்லை. 1776 ஜனவரியில் அவர் தனக்குத் தானே வழக்காடின குறிப்புகளை வாசிக்கவேண்டுமென்றால் அவருடைய மகன் 1842இல் வெளியிட்ட நூலைத் தேடிப் போகவேண்டும் (அதுவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நான் அங்கேதான் வாசித்தேன்). தளம் எதையும் மறைக்கவில்லை, ஏழு பேரின் தாள்கள் என்று முகப்பிலேயே சொல்கிறது. ஆனால் அதைத் திறந்து புரட்சியின் கதை முழுக்க இதுதான் என்று ஒரு பிள்ளை நினைத்தால் பிழையாகப் போய்விடும்.

என் மேசைக்கு வாரத்துக்கு ஒரு ஆளாவது உறுதி தொலைந்தது என்று வருவார். 2009இல் கடைசிப் போரில் பங்கருக்குள் விட்டது, மாத்தளனில் தண்ணீருக்குள் போனது. ஒரு அம்மா சொப்பிங் பைக்குள் சொப்பிங் பை சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார், பிரித்தால் உள்ளே கறையான் தின்ற மாதிரி நடுவில் ஓட்டை, காணியின் எல்லை எழுதியிருந்த இடம்தான் போயிருந்தது. வடக்கே யார் காணி, கிழக்கே எந்த வாய்க்கால் என்று அவருக்கு மனப்பாடம். கோட்டுக்கு மனப்பாடம் காணாது. தாள் வைத்திருக்கிறவன் பேசுவான், மற்றவன் பேசினதாக இன்னொருத்தன் தாளில் இருந்தால் உண்டு.

அடுத்தது மொழி. எல்லாம் இங்கிலிஸ், அதுவும் இருநூற்றைம்பது வருடத்துப் பழைய இங்கிலிஸ், எழுத்துக் கூட்டலும் கண்டபடி. எனக்குக் கோட்டு இங்கிலிஸ் பழக்கம் என்றபடியால் தட்டுத்தடுமாறிப் போனேன். ஒரு மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி ஒரு பந்தியைப் போட்டேன், சட்டத்தரணிகள் சங்கத்துக் கனவான்கள் எல்லாரையும் அது 'மதுபானசாலையின் பெரியோர்' ஆக்கிவிட்டது (இங்கிலிஸில் இரண்டுக்கும் 'பார்' என்ற ஒரே சொல்தான்). சேருக்குக் காட்டினேன். "பிழை எங்கே இருக்கு?" என்றார்.

கடைசியாக அச்சு. போனில் நீளமாக வாசித்தால் எனக்குத் தலையிடி வரும், ஆகவே பொஸ்டன் வழக்கையும் ஜே, வான் ஸ்காக் கடிதங்களையும் எடுத்து ஒரு கொமினிகேசனில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். எழுபது பக்கம் வந்தது. அடிக்கும்போது கடைக்கார அண்ணை "இது எந்தக் கோட்டு வழக்கு" என்று கேட்க, மெஷின் ஓடின நேரம் முழுக்கக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் பிளேன்ரீ எடுத்துத் தந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதை கேட்ட ருசியில் ஓரம் விடாமல் வைத்துக் கட்டிங் போட்டுவிட்டார், ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் பாதி போய்விட்டது. ஜேயின் அந்த வரியில் வான் ஸ்காக்கின் பெயரே வெட்டுப்பட்டது, பேனாவால் எழுதிச் சேர்த்தேன். பிழைபட்டதுக்குக் காசு எடுக்கவில்லை, திரும்ப அடித்தும் தந்தார், ஆனால் அன்றைக்குக் கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன்.

தளத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். முகப்பில் நேரே தேடாதீர்கள், ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். எழுதினவர் பெயரையும் வருடத்தையும் போட்டுச் சுருக்கிக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பை விடாதீர்கள். மருமகளுக்கு அடம்ஸ் கதையைச் சொன்னேன், கேட்டாள், அது சோதனைக்கு வராதாம், ரியூசன் சேர் சொன்னவராம்.

போன கிழமை வேறொரு வழக்குக்கு சத்தியக்கடதாசி கொப்பி எடுக்க அதே கடைக்குப் போனேன். பிழைபட்ட கட்டு இன்னும் அவரின் மேசைக்குக் கீழே கிடந்தது. என்னைக் கண்டதும் அண்ணை கேட்டார்.

"தம்பி, லண்டனுக்குப் போனவரின்ரை கண் பிறகு சரிவந்ததோ?"

"இல்லை அண்ணை. கடைசியில் மற்றக் கண்ணும் போட்டுது. அதோடை ஊரில் இருந்து பொடியளுக்குச் சட்டம் படிப்பிச்சவர்."

"ம்." சத்தியக்கடதாசியை மெஷினில் வைத்தார். ஒரு தரம் வெளியே எடுத்து, திருப்பி வைத்து, என்னைப் பார்த்தார். "இதுக்கு ஓரம் விட்டுத்தான் அடிக்கிறன்."